மலையில் நிற்கும் ஐனர்

(மன்றத்தின் மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் ஏ.எல். வரை படிச்ச மீன் தொழிற்சாலைத் தொழிலாளி. வைத்தியனும் இல்லை, தாவரவியல் படிச்சவனும் இல்லை. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நோர்வே மலைகளில் நடக்கப் போகேக்கை காலில் குத்துகிற ஒரு பற்றையைக் கண்டிருப்பீர்கள். அதுதான் ஐனர். ஆங்கிலத்தில் ஜூனிப்பர். இலை ஊசி மாதிரி, மும்மூன்றாக இருக்கும். காய் பழுக்க இரண்டு மூன்று வருசம் செல்லும். அதனாலே ஒரே செடியில் பச்சைக் காயும் கருநீலப் பழமும் சேர்ந்தே நிற்கும். ஜின் குடிக்கிற அண்ணைமாருக்கு இந்த மணத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை!

முந்தின காலத்தில் இங்கத்தைய கமக்காரர் இதன் கொப்புகளை அவித்து, அந்தத் தண்ணியாலே பால் வைக்கிற மரப் பாத்திரங்களைக் கழுவினவை. மேற்கு நோர்வேயில் வீட்டு பியர் காய்ச்சுறதும் அதே தண்ணியிலைதான். பெருநாள் வந்தால் கொப்பைச் சின்னனாக வெட்டி நிலத்தில் தூவுவினம், வீடு மணக்கும். எங்கடை அம்மம்மா சாணி போட்டு மெழுகினது எனக்கு ஞாபகம் வந்தது. இறைச்சிக்குப் புகை போடவும் இதுதான். வேலிக்கட்டையாக நட்டால் லேசிலை உக்காது.

மருந்து விசயத்துக்கு வாறன். பழத்தை நசித்துச் சுடுதண்ணியில் ஊறவைத்துக் குடித்தால் சலம் போகும், வயிற்றுப் பொருமல் குறையும் என்பது ஐரோப்பாவின் பழைய கைமருந்து. 2019 இல் என் மனைவி இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தா. கால் வீங்கியிருந்தது. என்னோடு வேலை செய்யிற ஒரு நோர்வே அம்மா தந்த பழம் வீட்டில் இருந்தது. அவ தந்தது இறைச்சிக்குப் போட. நான்தான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, சலம் போனால் வீக்கம் வத்துமெண்டு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தன். இரண்டு நாள் குடிச்சா.

மூன்றாம் நாள் மருத்துவிச்சி, "வேறை என்ன எடுக்கிறியள்?" எண்டு கேட்டா. சொன்னதும் அவவின் முகம் மாறிப்போச்சு. கர்ப்பிணிகளுக்கு இது கூடாதாம். சிறுநீரக வருத்தக்காரருக்கும் கூடாதாம். இலை குழைதானே, என்ன செய்யப்போகுது எண்டு நினைச்சிருந்த நான் வாய் திறக்கேலாமல் நின்றேன். அன்றிரவு இரண்டு பேருக்கும் நித்திரை இல்லை. பிள்ளை பிறந்து அழுத பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பிள்ளைதான் இப்ப முன்வரிசையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறா.

இப்பவும் பழம் வாங்கிறனான். ஆட்டிறைச்சிக்கு ஐந்தாறு பழம் நசித்துப் போட்டால் போதும், வெடுக்கு நிற்காது. தேத்தண்ணிப் பக்கம் மட்டும் கொண்டு போறேல்லை.