ஈறு தேறியது, பல் ஏன் பழுத்தது?



பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வருகிறதென்று, கீழப்பாவூரிலிருந்து பாவூர்சத்திரத்துக்கோ தென்காசிக்கோ போய்ப் பல் டாக்டரைப் பார்க்கிறோம். காரையைச் சுரண்டி எடுத்து, கொப்பளிக்க ஒரு மருந்தும் எழுதித் தருகிறார். சில நாளில் ரத்தம் நின்றுவிடுகிறது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் பல் இடுக்கெல்லாம் பழுப்பு. நாக்கிலும் அதே நிறம். "கிளீன் பண்ணப் போயி பல்லே கெட்டுப்போச்சே!" என்று மனசு பதறும்.

பல் கெடவில்லை. அந்த மருந்து பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின். 1970-இல் டென்மார்க்கில் பணியாற்றிய ஆய்வாளர்கள் லோவும் ஸ்கியோட்டும் இதைச் சோதித்தார்கள். 0.2 சதவீத மருந்தால் தினம் இரண்டு வேளை கொப்பளித்தவர்களுக்கு, பல் துலக்காதபோதும் அழுக்குப் படியவில்லை. துப்பிய பிறகும் மருந்து பல்லிலும் ஈறிலும் பல மணி நேரம் ஒட்டியிருந்து கிருமிகளை அடக்குகிறது. கறைக்குக் காரணமும் அந்த ஒட்டும் குணம்தான். டீ, காபியில் இருக்கும் டானின் அதனோடு சேர்ந்து பழுப்பாகப் படிகிறது. விடிகாலையில் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர், கொப்பளித்த கையோடு ஒரு ஸ்ட்ராங் டீ குடித்தால் கறை சீக்கிரம் ஏறும். பீடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பீடி குடிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: ஈறில் ரத்தம் கசிவது குறைவதால் நோய் இருப்பதே தெரியாது.

இந்தக் கறை மேலாகப் படிந்ததுதான். டாக்டர் பாலிஷ் போட்டால் போய்விடும். செங்கல்பொடி, சாம்பல் போட்டுத் தேய்த்தால் எனாமலும் தேயும், ஈறும் புண்ணாகும்.

வீக்கம் வடிந்ததும் ஈறு சுருங்கி, பல் நீண்டதுபோலவும் அடியில் மஞ்சளாகவும் தெரியலாம். அது பல்லின் வேர். எனாமல் இல்லாததால் அதன் நிறமே மஞ்சள். கொஞ்ச நாள் கூசும். ஆனால் ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாகக் கறுத்தால், உள்ளே நரம்பு செத்திருக்கலாம், உடனே காட்டிவிடுங்கள்.

பல் துலக்கி அரைமணி கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்ட்டின் நுரை மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். பிறகு ஒரு மணி நேரம் டீ வேண்டாம். பொதுவாக இரண்டு வாரம்தான் சொல்வார்கள். பாட்டிலில் மீதி இருக்கிறதே என்று மாதக்கணக்கில் கொப்பளிக்காதீர்கள். கறையைப் பார்த்துப் பாதியில் விடவும் வேண்டாம். கறையை ஒரே நாளில் எடுத்துவிடலாம். ஈறு நோயில் கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது.