ஸ்டோர்ம் என்றொரு நீர்மூழ்கி



இந்தத் தொடரிலே நாவல், சிறுகதை, கவிதை என்று பலரும் பேசிவிட்டார்கள். இன்று நான் ஒரு கப்பலைப் பற்றிப் பேசப்போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியிலே கப்பலுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை இந்தக் கப்பலின் கதை ஒரு பழைய புத்தகக் கடையிலேதான் தொடங்குகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பிலே டீ. ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரமாக வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளை நேயர்களிற் பலர் அறிவீர்கள். அங்கே இரண்டு ரூபாவுக்கு ஒரு பெங்குவின் பதிப்பு கிடைத்தது. 'வன் ஒஃப் அவர் சப்மரீன்ஸ்' என்று பெயர். எழுதியவர் எட்வேர்ட் யங். கடற்படைக் கதைகளிலே எனக்கு அவ்வளவு நாட்டம் கிடையாது. புரட்டியபோது ஒரு பக்கத்திலே திருகோணமலை என்ற பெயர் கண்ணிற் பட்டது. சொந்த ஊரின் பெயரை அந்நிய நூலொன்றிலே கண்டால் யார்தான் வாங்காமல் வருவார்கள்?

வாங்கி வந்த பிறகுதான் அது பெங்குவின் வரிசையின் ஆயிரமாவது நூல் என்பதைக் கவனித்தேன். முதலிலே 1952 இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. 1954 இல் பெங்குவின் நிறுவனத்தார் அதைத் தமது ஆயிரமாவது இலக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1935 இல் அலன் லேன் ஆறு பென்ஸ் விலையிலே நல்ல நூல்களை வெளியிடத் திட்டமிட்டபோது, சின்னத்துக்கு ஒரு பறவை தேவைப்பட்டது. இலண்டன் மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் பெங்குவின் பறவையைப் பார்த்து வரைந்து வரும்படி காரியாலயத்திலிருந்த இருபத்தொரு வயது இளைஞன் ஒருவனை அனுப்பினார்கள். அந்த இளைஞன்தான் எட்வேர்ட் யங். நாம் பள்ளிக்கூட நாளிலிருந்து கண்டுவருகிற அந்தப் பறவையும், மேலும் கீழும் நிறம், நடுவே வெள்ளை என்ற அந்த மூன்று பட்டை அட்டையும் அவருடைய கைவேலை. அட்டை வரைந்தவர் எழுதிய நூலே ஆயிரமாவதாக வந்தது பொருத்தந்தானே.

புத்தகத்துக்கு அட்டை வரைந்த மனிதர் எப்படி நீர்மூழ்கிக்குள்ளே போனார்? யுத்தம் பலரை அப்படித்தான் இழுத்துச் சென்றது. 1940 இல் அவர் தொண்டர் சேமப் படையிலே சேர்ந்தார். 1941 யூலையில், 'அம்பயர்' என்ற புதிய நீர்மூழ்கி வடகடலிலே இரவு நேரம் சொந்தத் தரப்புக் கப்பலொன்றோடு மோதி மூழ்கியது. இருபத்திரண்டு பேர் மாண்டார்கள். யங் கடலடியில் கிடந்த அந்தக் கப்பலின் கோபுர வழியாக வெளியேறி மேலே வந்து பிழைத்தார். அதன் பிறகும் மனிதர் மீண்டும் நீர்மூழ்கிக்கே போனார் என்பதை நான் மூன்று முறை வாசித்தேன். இதைத் துணிவு என்பதா, பிடிவாதம் என்பதா, இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவர் அதை வீரமாகச் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பியதைப் போலச் சொல்கிறார்.

தொண்டர் படையைச் சேர்ந்த ஒருவரை நம்பி, போருக்குச் செல்லும் நீர்மூழ்கி ஒன்றை ஒப்படைத்தது அதுவே முதற் தடவை. அந்தக் கப்பல்தான் 'ஸ்டோர்ம்'. இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் நகரிலே கம்மல் லெயார்ட் கப்பற்றளத்திலே கட்டி 1943 இல் நீரில் இறக்கப்பட்டது. ஆங்கில 'எஸ்' எழுத்திலே பெயர் தொடங்கும் வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்பிலே மொத்தம் அறுபத்திரண்டு கப்பல்கள். நீளம் 217 அடி. முன்னே ஆறு டோர்பீடோக் குழாய்கள், பின்னே ஒன்று, மேற்றளத்திலே மூன்று அங்குலப் பீரங்கி ஒன்று. உள்ளே ஏறக்குறைய ஐம்பது மனிதர். இதற்கு முதலிலே வெறும் இலக்கந்தான் இருந்தது: பி 233. இலக்கத்தோடு கடலுக்குப் போகும் மனிதர்கள் பெயரில்லாமற் சாகக் கூடாது என்று எண்ணினாரோ என்னவோ, நீர்மூழ்கிகளுக்கெல்லாம் பெயர் வைத்தே தீரவேண்டும் என்று சேர்ச்சில் பிடிவாதமாக நின்றார். அதனாலே ஸ்டோர்முக்குப் பெயர் கிடைத்தது.

1944 இன் தொடக்கத்திலே ஸ்டோர்ம் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கியதும், அதே நாளில் 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டதும் நம் முதியோர் வாயிலாகக் கேட்ட கதைகள். இரண்டு வருடத்தில் நிலைமை மாறிவிட்டது. துறைமுகத்திலே 'அடமன்ற்', 'மெய்ட்ஸ்ரன்' என்ற தாய்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. பசுவின் மடியிலே கன்றுகள் ஒட்டிக்கொள்வதுபோல நீர்மூழ்கிகள் அவற்றின் பக்கத்திலே ஒட்டிக்கொண்டு நிற்கும். எண்ணெய், உணவு, டோர்பீடோ, தபால், எல்லாம் அங்கிருந்துதான். களைத்தவர்களைத் தியத்தலாவைக் குளிருக்கு அனுப்பினார்கள்.

திருமலையிலிருந்து மலாக்கா நீரிணைக்கு ஆயிரம் மைலுக்கு மேல். அங்கே போய், இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, திரும்பி வரவேண்டும். நீர்மூழ்கி என்றால் எப்போதும் நீருக்கடியிலே ஓடுவது என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. பகலெல்லாம் அடியிலே பற்றறியின் பலத்தில் மெல்ல நகரும். இருட்டியதும் மேலே வந்து, டீசல் இயந்திரத்தை ஓட்டிப் பற்றறிக்கு மின்னேற்றி, புதுக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே அந்த மனிதர்களுக்கு இரவுதான் பகல். அயனவெப்பக் கடலிலே மூடிய இரும்புக் குழாய்க்குள் பதின்மூன்று, பதினான்கு மணிநேரம். மாலையாகும்போது காற்றுக் கெட்டுத் தலை வலிக்கும். வெள்ளைக்கார மாலுமிகள் இடுப்பிலே ஒரு சாரத்தைக் கட்டிக்கொண்டு வேர்வை வடிய நின்றார்கள். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. துரத்தினால் ஆழத்திலே போய் ஒளிய இடம் கிடையாது.

1944 ஏப்ரலில் அந்தமானின் போட் பிளேயருக்கு அப்பால் யப்பானியக் கண்ணிவாரிக் கப்பலொன்றை ஸ்டோர்ம் மூழ்கடித்தது. யூன் முதலாம் திகதி பினாங்குக்கு அருகே ஒரு சரக்குக் கப்பல். பிறகு பர்மாவின் மேர்குயித் தீவுக் கூட்டத்திலே சிறு கப்பல்களோடு பீரங்கிச் சண்டை. இவற்றையெல்லாம் யங் பதற்றமில்லாமல், சில இடங்களில் தன்னையே கேலிசெய்துகொண்டு எழுதுகிறார். குறிவைத்துத் தவறவிட்டதையும் மறைக்கவில்லை. இந்த நேர்மைக்காகவே நான் இந்நூலை இலக்கியத்தில் சேர்க்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1944 இல் பெரிய கப்பல்கள் அந்தக் கடலிலே அருகிவிட்டன. பர்மாவிலிருந்த யப்பானியப் படைக்கு அரிசியும் எண்ணெயும் போனவை பெரும்பாலும் சிறு கப்பல்களும் பாய்மர வள்ளங்களுமே. அவற்றை ஓட்டியவர்களிலே மலாயரும் சீனரும் பர்மியரும் இருந்தார்கள். யாருடைய யுத்தம், யாருடைய வள்ளம்? கடல்வழி ஆபத்தாகிப் போனதாலேதான் யப்பானியர் சியாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட்டார்கள். 1943 ஒக்ரோபரில் அது முடிவதற்குள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். அவர்களிலே ஒருவரும் ஆறு பென்ஸ் நூல் எழுதவில்லை. யங் மீது நான் குறைசொல்லவில்லை. பெரிஸ்கோப்பிலே தெரிவது ஒரு சிறு வட்டந்தானே.

திரும்பி வரும்போது நீர்மூழ்கிகள் கறுப்புக் கொடி பறக்கவிடும். மண்டையோடும் எலும்பும் போட்ட கடற்கொள்ளையர் கொடி. நீருக்கடியிலே ஒளிந்து தாக்குபவர்களைக் கொள்ளையர்களாகக் கருதித் தூக்கிலிடவேண்டும் என்று பிரித்தானிய அட்மிரல் ஒருவரே 1901 இல் சொன்னதாகக் கதை. அந்த ஏச்சையே நீர்மூழ்கியினர் கொடியாக்கிக்கொண்டார்கள். மூழ்கடித்த கப்பலுக்கு ஒரு கோடு, பீரங்கிச் சண்டைக்கு ஒரு நட்சத்திரம் என்று அதிலே தைப்பார்கள்.

கொடியோடு வராதவையும் உண்டு. 1944 பெப்ரவரி 25 இல் இலங்கையிலிருந்து புறப்பட்ட 'ஸ்டோன்ஹெஞ்ச்' திரும்பவேயில்லை. எங்கே, எப்படி என்பது இன்றுவரை தெரியாது. நவம்பரில் 'ஸ்ட்ரற்றஜெம்' மலாக்கா நீரிணையிலே மூழ்கடிக்கப்பட்டது. உயிர் தப்பிச் சிறைப்பட்டவர்களில் மூவரே யுத்தம் முடிந்து வீடு சேர்ந்தார்கள். இரண்டும் ஸ்டோர்மின் உடன்பிறப்புகள், அதே 'எஸ்' வகுப்பு. இப்படி ஒன்று வராமற் போனால், எமது நீர்மூழ்கிகளில் ஒன்று உரிய காலத்தில் திரும்பவில்லை, இழந்துவிட்டதாகவே கொள்ளவேண்டும் என்று கடற்படைத் தலைமையகம் அறிவிக்கும். அந்த அறிவிப்பின் முதற் சொற்களைத்தான் யங் தன் நூலுக்குத் தலைப்பாக்கினார். திரும்பி வந்த கப்பலின் கதைக்கு, வராத கப்பலுக்குரிய தலைப்பு.

அந்த ஆண்டின் பிற்பகுதியிலே ஸ்டோர்ம் அவுஸ்திரேலியாவின் பிறீமாண்டில் துறைமுகத்துக்கு மாறியது. யாவாக் கடலிலே சில காலம். பின் 1945 ஏப்ரலில் இங்கிலாந்து திரும்பியது. அவ்வளவுதான் அதன் போர்க்காலம். இரண்டு ஆண்டு கூட நிறையவில்லை.

யுத்தம் முடிந்ததும் அந்த வகைக் கப்பலுக்கு மவுசு போய்விட்டது. நீருக்கடியிலே வேகமாக ஓடக்கூடிய புதிய ஜேர்மன் நீர்மூழ்கிகளைக் கண்டபின், மற்றவையெல்லாம் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. ஸ்டோர்மின் உடன்பிறப்புகளிலே சில பிரான்சுக்கும் போர்த்துக்கலுக்கும் இஸ்ரேலுக்கும் போய்ப் புதுப் பெயரோடு இன்னும் கொஞ்சக் காலம் வாழ்ந்தன. ஸ்டோர்முக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 1949 இல் பழைய இரும்பாக விற்று, ஸ்கொட்லாந்தின் ட்ரூன் துறைமுகத்திலே உடைத்தார்கள். 'அலையன்ஸ்' என்ற இன்னொரு வகுப்பு நீர்மூழ்கி கொஸ்போர்ட் நகரிலே அருங்காட்சியகமாக நிற்கிறது. அறுபத்திரண்டு 'எஸ்' கப்பல்களிலே ஒன்றையேனும் அப்படி வைத்திருக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

யங் பதிப்புத்துறைக்கே திரும்பி, 2003 இல் காலமானார்.

என்னிடமிருந்த அந்த நூலை ஒருமுறை திருமலைக்குக் கொண்டுபோனேன். பெரியப்பா அங்கே யுத்தகாலத்திலே டொக்யார்டில் சாயம் பூசும் பகுதியில் வேலை செய்தவர். பிரித்தானியர் 1957 இல் தளத்தைக் கையளிக்கும்வரை இருந்தவர். ஸ்டோர்ம் என்று ஒன்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"பேர் ஒண்டும் ஞாபகமில்லைத் தம்பி. போகேக்க எத்தினை, வரேக்க எத்தினை எண்டுதான் எண்ணுவம். உள்ளுக்குப் போனா ஒரு மணம் வரும். எண்ணெயும் வேர்வையும் அவிஞ்ச கோவாவும். அதை மறக்கேலாது."

புத்தகத்தைக் கையிலெடுத்துப் பறவையைத் தடவிப் பார்த்தார். கப்பலுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"வெட்டிப்போட்டு?"

"உருக்கியிருப்பாங்கள்."

"அப்ப நாங்கள் சுரண்டிச் சுரண்டிப் பூசின சாயம்?"

"எரிஞ்சு போயிருக்கும், பெரியப்பா."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புத்தகத்தை என்ன விலைக்கு வாங்கினேன் என்று கேட்டார். இரண்டு ரூபா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.