ஒரே மேடையில் இரண்டு இசை

(கல்லூரியின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு இசைவிழாவைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் ஒரு விவாதம் நடந்தது. கிற்றாரும் ட்ரம்ஸும் கொண்ட தங்கள் பான்ட் மேடையேற வேண்டும் என்று இளையவர்கள் கேட்டார்கள். வயலினும் பியானோவும் பாடகர் குழுவுந்தான் கல்லூரிக்கு அழகு என்று மூத்தவர்கள் சொன்னார்கள். "இரண்டையும் சேர்த்தால் என்ன?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "எண்ணெயும் தண்ணீரும் சேருமா?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சொன்னவள் நான்தான்.

வீட்டுக்குப் போன பிறகு மனம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் வாடியதைக் கண்டிருந்தேன். றொக் இசைக்குழுக்களும் ஓர்கெஸ்ட்ராக்களும் சேர்ந்து வாசித்த பதிவுகளைத் தேடிக் கேட்டேன், அவற்றின் வரலாற்றையும் வாசித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

1969 செப்டெம்பர் 24ஆம் திகதி. லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபம். டீப் பேர்ப்பிள் என்ற றொக் குழுவும் றோயல் பில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ராவும் ஒரே மேடையில் அமர்ந்தன. இருவருக்குமாக அந்தப் படைப்பை எழுதியவர் குழுவின் ஓர்கன் வாத்தியக்காரர் ஜோன் லோர்ட். சிறு வயதில் முறையாகப் பியானோ படித்தவர். நடத்தியவர் மல்கம் ஆர்னோல்ட். நம் நாட்டில், கித்துல்கலவில் படமாக்கப்பட்ட 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் இசைக்கு ஒஸ்கார் விருது பெற்றவர் இவர்தான்.

அந்தப் படைப்பு மூன்று பகுதிகள் கொண்டது. முதற் பகுதியில் இரண்டு தரப்பும் எதிரெதிராக நிற்கின்றன. ஓர்கெஸ்ட்ரா சொல்வதைப் பான்ட் குறுக்கிடுகிறது, பான்ட் எழும்பும்போது ஓர்கெஸ்ட்ரா மறுத்துப் பேசுகிறது. இரண்டாம் பகுதியில் ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்துப் பேசத் தொடங்குகிறார்கள். மூன்றாம் பகுதியில் சேர்ந்து ஓடுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் நடந்தது முதற் பகுதி மட்டும் என்று அதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது.

ஒத்திகையும் சுமுகமாக நடக்கவில்லை. நீண்ட தலைமுடியோடு வந்த இளைஞர்களோடு வாசிப்பதை ஓர்கெஸ்ட்ராவில் சிலர் தங்கள் தகுதிக்குக் குறைவாக நினைத்தார்கள். ஆர்னோல்ட் அவர்களைக் கடிந்துகொண்டு இளைஞர்களின் பக்கம் நின்றார். அதே இரவில் அவருடைய ஆறாம் சிம்பொனியும் வாசிக்கப்பட்டது. இரண்டு உலகத்திலும் மதிப்புள்ள ஒரு மூத்தவர் நடுவில் நின்றிராவிட்டால் அந்த இரவு என்னவாகியிருக்குமோ தெரியாது.

மனம் ஒத்தாலும் வேலை இலேசில்லை. ஓர்கெஸ்ட்ராக்காரர் தாளைப் பார்த்து வாசிப்பவர்கள். றொக் இசைஞர் பெரும்பாலும் காதால் பழகியவர்கள். ஓர்கெஸ்ட்ராவுக்கு நடத்துநரின் கைதான் தாளம். பான்டுக்கு ட்ரம்ஸ்தான் தாளம். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர்தான் செல்லும். பதினேழு மீற்றர் தள்ளியிருப்பவர் காதில் ட்ரம்ஸ் அடி விழும்போது செக்கனில் இருபதில் ஒரு பங்கு பிந்திவிடும். காதை மட்டும் நம்பி வாசித்தால் மேடையின் இரண்டு அந்தமும் பிரிந்துவிடும். மின்கிற்றார் முழங்கினால் புல்லாங்குழல் கேட்காது. அதனால் ட்ரம்ஸைச் சுற்றி ஒளி ஊடுருவும் தடுப்பு வைப்பார்கள், வயலின்களுக்கு ஒலிவாங்கி பொருத்துவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பலமானவர் சத்தத்தைக் குறைக்கப் பழக வேண்டும்.

முப்பது ஆண்டுகளின் பின், 1999 ஏப்ரலில், மெற்றலிக்கா குழுவும் சன் பிரான்சிஸ்கோ சிம்பொனியும் பேர்க்லியில் இரண்டு இரவுகள் சேர்ந்து வாசித்தன. மைக்கல் கேமன் பாடல்களுக்கு ஓர்கெஸ்ட்ராப் பகுதிகளை எழுதி, தாமே நடத்தினார். 2019 செப்டெம்பரில் அதே இரு தரப்பும் மறுபடி கூடின. அப்போது ஓர்கெஸ்ட்ராவின் முதன்மை டபிள் பேஸ் கலைஞர் ஸ்கொட் பிங்கெல் முன்னே வந்து, மெற்றலிக்காவின் பேஸ் கிற்றார் கலைஞராக இருந்து 1986இல் விபத்தில் இறந்த கிளிப் பேர்ட்டனின் தனி இசையை வாசித்தார். பேர்ட்டன் பாக்கின் இசையை விரும்பிக் கேட்டவர். சிம்பொனிக்காரர் ஒருவர் றொக் கலைஞருக்குச் செலுத்திய அஞ்சலி அது. அதைப் பார்த்தபோது என் எண்ணெயும் தண்ணீரும் எங்கே போயின என்று தெரியவில்லை.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்தது. 1969இல் வாசித்த அந்த இசையின் தாள்கள் 1970இல் தொலைந்துபோயின. முழு ஓர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய கைப்பிரதி! பல ஆண்டுகளாக அதை வாசிக்க வழியே இருக்கவில்லை. பின்னர் மார்கோ டி கூய் என்ற ஒல்லாந்து இளைஞர், பழைய ஒலிப்பதிவையும் படத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டும் பார்த்தும் ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் மீள எழுதினார். லோர்டும் நடத்துநர் போல் மானும் அதைச் செம்மைப்படுத்த உதவினார்கள். 1999 செப்டெம்பரில் அதே அல்பேர்ட் மண்டபத்தில், இம்முறை லண்டன் சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவுடன், அது மறுபடி ஒலித்தது. ஒருவர் பொறுமையாகக் கேட்டதால் திரும்பி வந்த இசை அது.

சகோதரிகளே, எங்கள் கல்லூரிக் கீதத்துக்கும் ஒரு காலத்தில் இரண்டாம் குரல் இருந்தது. பியானோத் தாளோடு அதுவும் இடப்பெயர்வில் போய்விட்டது. இன்றைய பிள்ளைகள் ஒற்றைக் குரலில்தான் பாடுகிறார்கள்; இரண்டாம் குரல் இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. எனக்கு முதல் நான்கு வரிகளுக்குரிய மெட்டு மட்டும் நினைவிருக்கிறது. ஆனால் உங்களில் யாரோ ஒருவர், தொரன்ரோவிலோ மெல்பேணிலோ மட்டக்களப்பிலோ, சமைக்கும்போது அதை இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து அதைத் தொலைபேசியில் பதிவுசெய்து சங்கத்துக்கு அனுப்புங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, இரண்டு வரிதான் என்றாலும் பரவாயில்லை. துண்டுகளைக் கேட்டு எழுதித் தர, பான்டில் கீபோர்ட் வாசிக்கும் பிள்ளை ஒருத்தி முன்வந்திருக்கிறாள். அன்று கூட்டத்தில் "சேர்த்தால் என்ன?" என்று கேட்டவள் அவள்தான்.

விழாவன்று பாடகர் குழுவும் வயலின்களும் பான்டும் சேர்ந்து கீதத்தை இசைக்கும். ட்ரம்ஸ் கொஞ்சம் மெதுவாக அடிக்கப்படும். நாங்களும் கொஞ்சம் உரத்துப் பாடுவோம்.