கணக்கு பொய்த்தால் கணினியும் பொய்க்கும்

ரப்பர் தோட்டத்தில் பொழுது விடியுமுன்னே பெரட்டு. யார் வந்தார், யாருக்கு எந்த வெட்டு என்று பெயர் பதியப்படும். நண்பகலில் பால் நிறுக்கும்போது, கிராணி எடையை மட்டும் எழுதுவதில்லை. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மானியை விட்டும் பார்ப்பார். அந்த ஏட்டை நம்பித்தான் சம்பளமும் விற்பனையும் நடந்தன.

இன்று தொழிற்சாலைகளில் அந்த ஏட்டின் இடத்தில் இருப்பதுதான் இ.ஆர்.பி. என்னும் கணினி மென்பொருள். 1973-இல் சீமன்ஸ் நிறுவனம் மலாக்காவில் மின்னணுத் தொழிற்சாலை அமைத்தது. 2003-இல் பெகோவில் ஹோண்டா கார் தொழிற்சாலை வந்தது. தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் பால் வாளியை விட்டு, இத்தகைய ஆலைகளின் சீருடைக்கு மாறினார்கள்.

இ.ஆர்.பி. என்ன செய்கிறது? தீபாவளிக்கு 10,000 பொட்டலம் முறுக்கு கேட்டு ஒரு சிறு ஆலைக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்துக்கு 150 கிராம் மாவு என்றால் 1,500 கிலோ வேண்டும். கையிருப்பு 600 கிலோ. வாங்க வேண்டியது 900. பைகள் 4,000 இருக்கின்றன. வாங்க வேண்டியது 6,000. மாவு 3 நாளில் வரும், பை வர 21 நாள் ஆகும். சுட்டு அடைக்க 5 நாள். ஆகவே, சரக்கை ஒப்படைக்கும் நாளுக்கு 26 நாள் முன்பே பைக்கும், 8 நாள் முன்பு மாவுக்கும் சொல்லிவிட வேண்டும். இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு எண்ணும் கணக்கை 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஓர்லிக்கி போன்றோர் கணினிக்குப் பழக்கினார்கள். பிறகு கொள்முதல், விற்பனை, சம்பளம் எல்லாம் அதோடு சேர்ந்தன. 1990-இல் இ.ஆர்.பி. என்ற பெயர் வந்தது. சென்னையின் ராம்கோ நிறுவனமும் இத்தகைய மென்பொருளைச் செய்து விற்கிறது.

ஆனால் ஸ்டோரில் எலி கடித்த 500 பைகளை யாரும் பதியாமல் விட்டால்? கணினி 4,000 என்றே நம்பும். 9,500 பொட்டலத்தோடு வேலை நின்றுவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இது சிறு ஆலைக்கு மட்டும் வரும் சோதனை அன்று. 1999-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி மிட்டாய் நிறுவனம் 11 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுப் புதிய கணினி முறைக்கு மாறியது. பண்டிகை நெருங்கிய வேளையில் அவசரமாக மாறியதால், மிட்டாய் இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் திணறியது. தற்காலிகமாக வேறு இடங்களில் அடுக்கியிருந்த சரக்கு கணினிக்குச் சரிவரச் சொல்லப்படாததும் ஒரு காரணம் என்றார்கள்.

தவறான எண் எப்படி நுழைகிறது? பெரும்பாலும் பயத்தால். பழுதான பொருளைப் பதிந்தால் சூப்பர்வைசர் ஏசுவார் என்று தொழிலாளி மறைக்கிறார். ஆகவே முதலாளிமார்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்த வழக்கத்தை. பழுதை உடனே சொன்னவரைத் திட்டாதீர்கள். அவர்தான் உங்கள் லாபத்தைக் காப்பாற்றுகிறார்.

ஸ்டோரிலும் இயந்திரத்தருகிலும் நிற்கும் இளையோருக்கும் ஒரு வார்த்தை. திரையில் எண்ணைத் தட்டுவதோடு நிற்க வேண்டாம். ஒரு பொருளுக்கு என்னென்ன உறுப்புகள், எது எத்தனை நாளில் வரும், எது குறைந்தால் வேலை நிற்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டை தூக்குபவர் திட்டமிடுபவராக உயரும் ஏணி அங்கேதான் இருக்கிறது.

அன்று ஏட்டைப் பிடித்த கிராணியைத் தோட்டமே மதித்தது. இன்று அந்த ஏடு தோட்டத்துப் பிள்ளையின் விரல் நுனிக்கே வந்திருக்கிறது. எண்ணுவதைச் சரியாக எண்ணினால், மதிப்பும் வந்து சேரும்.