சென்னைக்கு எந்த விமானத்தில் போவது?



கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் கோயிலில் பார்த்தாலும் கடைத்தெருவில் பார்த்தாலும் நம்மவர்கள் என்னிடம் வரவு செலவு பற்றித்தான் பேசுவார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். "சென்னைக்குப் போகணும், எந்த விமானத்தில் போனால் நல்லது?" என்பதே அந்தக் கேள்வி.

நம் பாட்டன்மார் காலத்தில் இதில் யோசிக்க அதிகம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பலில் ஏறி, திறந்த தளத்தில் பாயை விரித்துப் படுத்தால், சில நாட்களில் சென்னைத் துறைமுகம் வந்துவிடும். இன்றைக்கு வழிகள் பல. வழி பெருகியதால் குழப்பமும் பெருகிவிட்டது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். ரங்கூனிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். நேர் விமானம் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். கல்கத்தா வழியாகப் போனால் சுமார் 2,400 கிலோமீட்டர். பாங்காக் வழி 2,800. கோலாலம்பூர் வழி 4,300. சிங்கப்பூர் வழி 4,800-க்கும் மேல். சிங்கப்பூர் நமக்குச் சென்னையைவிடத் தொலைவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேற்கே போக வேண்டியவர்கள் முதலில் தெற்கே போய்விட்டுத் திரும்புகிறோம். ஆனாலும் அந்த வழியில் விமானங்கள் அதிகம், வசதிகள் நிறைய என்பதால் அதுவும் பலருக்குப் பொருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால், எதற்காகப் போகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர் ஒரு நாள் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுப் போகிறவருக்கும், உடன்பிறந்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போகிறவருக்கும் அந்த ஒரு நாள்தான் எல்லாம். இரண்டு பயணத்துக்கும் ஒரே டிக்கெட் பொருந்தாது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ஊரில் அக்காள் தவறிவிட்டார் என்ற செய்தி கேட்டு அவசரமாகப் புறப்பட்டார். மகன் விலை குறைவாக இருக்கிறதே என்று இரண்டு கம்பெனிகளில் தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். இடையில் இறங்கிய ஊரில் இரண்டாவது விமானம் போய்விட்டது. "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை, டிக்கெட் செல்லாது" என்றார்கள். புதிதாக டிக்கெட் எடுத்து அவர் போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்துவிட்டது.

இதில் இரண்டாவது கம்பெனியின் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. முதல் விமானத்தோடு அதற்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், இடையில் விமானம் தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு கம்பெனியைச் சேரும். இரண்டாக எடுத்தால் அந்தப் பொறுப்பு நம் தலையில். விலைக் குறைவு என்று நாம் நினைப்பது, அந்தப் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்வதற்காகக் கிடைக்கும் தள்ளுபடிதான்.

ஒரே டிக்கெட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏஜெண்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பெட்டியை ரங்கூனில் போட்டால் சென்னையில்தானே எடுக்க வேண்டும்?" ஆமாம் என்றால் நல்லது. விமான நிலையத்தில் பெட்டியில் கட்டும் சீட்டையும் பாருங்கள். அதில் 'எம்.ஏ.ஏ.' என்று இருக்க வேண்டும். அது மெட்ராஸ். நம் ஊருக்கு 'ஆர்.ஜி.என்.', அதாவது ரங்கூன். ஊர்ப் பெயர்கள் மாறினாலும் பெட்டிச் சீட்டில் இன்னும் பழைய பெயர்கள்தான் இருக்கின்றன.

கல்கத்தா வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. ஒரே டிக்கெட்டானாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றச் சோதனையும் சுங்கமும் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். தனி டிக்கெட்டாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்திய உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. ரங்கூனிலிருந்து 30 கிலோ லப்பெட்டும் கருவாடும் கட்டிக்கொண்டு போனவர் பாதிக்குத் தனிப் பணம் கட்ட வேண்டும்.

பாங்காக் வழி போகிறவர்கள் அங்கே இரண்டு விமான நிலையங்கள் இருப்பதை மறந்துவிடக் கூடாது. சுவர்ணபூமி 2006-ல் திறக்கப்பட்டது. பழைய டான் முவாங்கில் பெரும்பாலும் மலிவுக் கட்டண விமானங்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவதென்றால் நகர நெரிசலில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். மியான்மர் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் விசா தேவை என்பது அவ்வப்போது மாறும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேர் விமானம்தான் எப்போதும் சிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2023-ல் மியான்மர் ஏர்வேஸ் இன்டர்நேஷனல் ரங்கூன் - சென்னை நேர் விமானத்தை வாரத்துக்கு ஒரு நாள் என்று தொடங்கியது. வயதானவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் வாரம் ஒரு முறை பறக்கும் விமானம் ஏதோ காரணத்தால் ரத்தானால், அடுத்தது அடுத்த வாரம்தான். தினமும் போகும் வழியில் ரத்தானால் நாளைக்குப் போகலாம். அவசரக்காரர்கள் விமானம் வாரத்தில் எத்தனை நாள் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அட்டவணைகள் மாறிக்கொண்டே இருப்பதால் போகும் மாதத்தின் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஒரு காகிதத்தில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதுங்கள். கூட்டல் புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட தொகைகளைச் சொல்கிறேன். இடப் பக்கம் மலிவு டிக்கெட்: கட்டணம் 180 டாலர், இரண்டு விமானத்துக்கும் பெட்டிக் கட்டணம் 70, சாப்பாடு 15, இடையில் ஓர் இரவு தங்க 40. மொத்தம் 305. வலப் பக்கம் பெட்டியும் சாப்பாடும் சேர்ந்த ஒரே டிக்கெட் 320. வித்தியாசம் 140 டாலர் என்று நினைத்தது 15 டாலராகச் சுருங்கிவிட்டது. மலிவுக் கம்பெனிகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஏழு கிலோ கைப்பையோடு போய் வருகிற இளைஞருக்கு அவைதான் லாபம்.

நேரக் கணக்கிலும் ஏமாறக் கூடாது. நம் கடிகாரம் சென்னையைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பாங்காக் நம்மைவிட அரை மணி முன்னால். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் ஒன்றரை மணி முன்னால். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். காலை 10 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குச் சென்னை என்று இருந்தால், பயணம் பதினோரு மணி நேரம் அல்ல, பன்னிரண்டு மணி நேரம். சர்க்கரை நோயாளிகள் மாத்திரைக்கும் ஊசிக்கும் இதை வைத்துத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

அடுத்தது கம்பெனியின் நிலைமை. நாம் டிக்கெட் பணம் கட்டியதும் அது கம்பெனியின் புத்தகத்தில் வருமானமாக ஏறாது, கடனாகத்தான் ஏறும். நாம் பறந்து முடிக்கும் வரை கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் நாம்தான், அதுவும் ஈடு இல்லாத கடன். இந்தியாவில் கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. முன்பணம் கட்டிய பயணிகள் கடன்காரர்கள் வரிசையில் வங்கிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. எனவே தள்ளாடும் கம்பெனி என்று பேச்சு வந்தால், சலுகை விலை என்று ஆறு மாதம் முன்னதாக வாங்கி வைக்காதீர்கள்.

பணம் திரும்பக் கிடைக்கும் விதியையும் படியுங்கள். 2020 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நின்ற சர்வதேச வணிக விமானப் போக்குவரத்து, 2022 ஏப்ரல் 17-ல்தான் மறுபடி தொடங்கியது. அந்தக் காலத்தில் உலகமெங்கும் பல கம்பெனிகள் ரொக்கத்துக்குப் பதிலாக, பிறகு பயன்படுத்தச் சொல்லிச் சீட்டுதான் கொடுத்தன. ரத்தானால் ரொக்கமா, சீட்டா? எந்த நாணயத்தில், எந்த நாள் மாற்று விலையில்? இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டாலருக்குக் கியாட் கொடுக்கும் நமக்கு இந்தக் கேள்வி சிறியதல்ல.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2003 முதல் 'ஐயோசா' என்ற தணிக்கையை நடத்துகிறது. தேறிய கம்பெனிகளின் பெயர்களை அது வெளியிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் தடை செய்த கம்பெனிகளின் பட்டியலை வெளியிடுகிறது. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, வயதானவர்களை அனுப்புகிறவர்களுக்கு: சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது. நோயாளியாக இருந்தால் பயணம் செய்யலாம் என்ற மருத்துவர் சான்று தேவையா என்று கேளுங்கள். மாறும் இடத்தில் குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கட்டும். மருந்தும், இந்திய விசாவின் அச்சுப் பிரதியும், சென்னையில் அழைத்துப் போக வருகிறவரின் தொலைபேசி எண்ணும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

உங்கள் பயணங்கள் நல்லபடியாக அமையட்டும்.