பொறாமை இல்லீங்க, ஏக்கம்!

(தம்பி, தங்கை பிறந்ததும் மூத்த குழந்தை அடம்பிடிப்பது பொறாமையாலா? ஏக்கத்தாலா? 'ஏக்கத்தாலே' அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், மூத்த பிள்ளைக்கு வருவது பச்சைப் பொறாமை என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பொறாமைக்காரன் என்னங்க செய்வான்? பக்கத்து வீட்டுக்காரன் பைக் வாங்கினா, நாம கார் வாங்கணும்னு பாப்பான். மேலே போகத் துடிப்பான். இந்தப் பிள்ளை கீழேல்ல இறங்குது! நடந்தது தவழுது. டம்ளர்ல குடிச்சது பால் பாட்டில் கேட்குது. (சிரிப்பு)

கீழ்வேளூர்ல என் தங்கை வீடு. திருவாரூர்லேர்ந்து நாகப்பட்டினம் போற ரயில்ல வழியிலேயே வரும். மூத்தவனுக்கு மூணு வயசு. ரெண்டாவது பெண் குழந்தை. அதைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்த மறுநாளே இவன் தூளியிலே ஏறிப் படுத்துக்கிட்டான். "ஆட்டு"ங்கிறான். கால் ரெண்டும் வெளியே தொங்குது! ராத்திரி பாயை நனைச்சான். தானா சாப்பிட்டவன் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்துட்டான். "வெக்கமா இல்லையாடா, நீ பெரிய பையன்"னு பாட்டி அதட்டினாங்க. "நான் பெரிய பையன் இல்லே. நானும் பாப்பாதான்!"

ரெண்டு நாள் தங்கிப் பார்த்தேன். அந்த வீட்டிலே 'பெரியவன்' என்ற சொல் எப்போதெல்லாம் வருதுன்னு காதைத் தீட்டிக்கிட்டேன். "பெரியவன்தானே, தாத்தாகிட்ட போய்ப் படு." "பெரியவன்தானே, அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே." "பெரியவன்தானே, பாப்பாவுக்குக் குடுத்துடு." "பெரியவன்தானே, வா கடைத்தெருவுக்குப் போவலாம்"னு ஒருத்தராவது சொன்னாங்களா? பெரியவனானா நஷ்டம்னு நாம பாடம் நடத்தினோம். பிள்ளை கணக்கைச் சரியாப் போட்டுட்டான். எவன் ஐயா வளருவான்? (பலத்த கைதட்டல்)

இது இன்னைக்கு முளைச்ச சங்கதி இல்லே. அடுத்த பிள்ளை வந்து, தாய்ப்பால் கைவிட்டுப் போயி, மெலிஞ்சு நிக்கிற குழந்தைக்கு நம்ம பக்கம் என்ன பேரு? சவலைப் பிள்ளை! இரண்டாம் அடியிலே தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கிற வெண்பாவுக்குக்கூடச் சவலை வெண்பா என்றுதான் பேர் வைத்தார்கள்.

ஆப்பிரிக்காவிலே, இன்றைய கானா நாட்டிலே, சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் வேலை பார்த்தார். தாய்ப்பால் நின்று மக்காச்சோளக் கஞ்சிக்கு மாறிய குழந்தைகள் உடம்பு வீங்கிச் செத்துக்கொண்டிருந்தன. அங்கே 'கா' மொழி பேசுகிறவர்கள் அந்த நோய்க்குச் சொன்ன பேர் குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் இடம் பறிபோன பிள்ளைக்கு வருகிற நோய் என்று பொருள். 1935ல் அந்தப் பேரோடேயே மருத்துவ உலகத்துக்கு அறிவித்தார். நோய்க்குக் காரணம் சத்துக்குறைவு. ஆனா அந்தத் தாய்மார்கள் வச்ச பேரைப் பாருங்க. பிள்ளையைப் பொறாமைக்காரன்னு திட்டலே, இழந்தவன்னு சொன்னாங்க!

கீழ்வேளூர் கேடிலியப்பர் கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும். சூரனைக் கொன்ற பழி தீர முருகன் அங்கே தவம் இருந்தான். இடையூறு வராமல் அம்பிகை ஐந்து திசையிலும் வட்டமிட்டுக் காத்தாள். அவள்தான் அஞ்சுவட்டத்தம்மன் என்பது தலபுராணம். படை நடத்திய பிள்ளையைப் பார்த்து, "நீ பெரியவன், தனியா இரு"ன்னு அந்தத் தாய் சொல்லலையே! முருகன் இளையவனாச்சேன்னு எதிரணி முணுமுணுக்குது. காவலுக்கு நிக்கிற தாய்க்கு மூத்தது ஏது, இளையது ஏது? (கைதட்டல்)

சரி, என்ன செய்யலாம்? பாப்பா தூங்குற நேரம் கால் மணி இவனை மடியிலே போட்டு ஆட்டுன்னு தங்கைகிட்டே சொன்னேன். இங்கிலாந்திலே, கேம்பிரிட்ஜிலே, ஜூடி டன், கேரல் கென்ட்ரிக் என்ற இருவர் 40 குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 1982ல் புத்தகமே போட்டிருக்கிறார்கள். "பாப்பா ஏன் அழுவுது? பசிக்குதோ?" என்கிற மாதிரி, கைக்குழந்தையையும் ஒரு ஆளாக்கி மூத்ததிடம் பேசிய வீடுகளிலே, பிற்பாடு பிள்ளைகள் கூடுதல் நேசமாக இருந்தார்களாம். பைசா செலவில்லாத வைத்தியம்.

தங்கையும் அப்படியே செஞ்சா. நாலாம் நாள் மடியிலே போட்டா, "கால் வலிக்குது, விடு"ன்னு இறங்கி ஓடிட்டான்! போன வாரம் கையிலே முறுக்கோட எங்கிட்ட வந்து, "பெரியம்மா, பாப்பாவுக்குப் பல்லே இல்லே, பாவம்"கிறான். (சிரிப்பு)

நடுவர் மணி அடிச்சிட்டார். உக்காந்துடறேன்.