எங்கள் தலையை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

(வத்திராயிருப்பில் 2025 நவம்பர் இறுதியில் பேசியதன் அச்சு வடிவம்)



கண்மாய்ப் பராமரிப்பு பற்றிப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். நோட்டீசிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. கூட்டத் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதை இன்னொரு நாள் பேசுகிறேன். மதுரை மெட்ரோ ரயில் திட்டத்தையும் கோவை மெட்ரோ ரயில் திட்டத்தையும் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிவிட்டது என்று செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடு மதகையும் மடையையும் பற்றிப் பேச என்னால் முடியாது.

என்ன காரணம் சொன்னார்கள்? தலை போதவில்லையாம்! 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் பேர் இருக்கிற நகரத்துக்குத்தான் மெட்ரோவாம். கோவையில் 15.84 லட்சம், மதுரையில் 15 லட்சம், ஆகவே கிடையாது. எந்த வருடத்துக் கணக்கு அது? 2011. அந்த வருடம் பிறந்த பிள்ளை இன்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கை எடுக்காமல் விட்டது யார்? மதுரைக்காரனா? பக்கத்து ஊர்க் கூமாப்பட்டிக்காரனா? கொரோனா என்றார்கள், ஒத்துக்கொண்டோம். கொரோனா போய் எத்தனை தேர்தலை நடத்திவிட்டார்கள்! இப்போது 2027 என்கிறார்கள். எண்ண வேண்டியவன் எண்ணாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, உன் வீட்டில் ஆள் குறைச்சல் என்று என்னைப் பார்த்துச் சொல்வானாம். நான் கேட்டுக்கொண்டு வர வேண்டுமாம்!

மேடை ஏறும்போது கீழே ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் அண்ணாச்சி, நம்ம வத்ராப்புக்குச் சாதா ரயிலே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த்தான் ஏறணும். மருதை மெட்ரோவுக்கு நம்ம ஏன் கத்தணும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவருக்குப் பதில் சொல்லத்தான் கண்மாயை ஒத்திவைத்தேன்.

அய்யா, அந்தத் தடம் எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? திருமங்கலத்தில். நம்ம பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டி, டி.கல்லுப்பட்டியைத் தாண்டி, எங்கே போய் நான்குவழிச் சாலையைத் தொடுகிறது? அதே திருமங்கலத்தில். அங்கிருந்து ஒத்தக்கடை வரைக்கும் சுமார் 32 கிலோமீட்டர். 11,000 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் திட்டம். வழியில் இருக்கிறதை எல்லாம் நீங்களே விரல்விட்டு எண்ணுங்கள். தோப்பூர், எய்ம்ஸ் கட்டுகிற இடம். திருப்பரங்குன்றம். பசுமலை. மதுரை ஜங்ஷன். கோயிலைச் சுற்றிய பழைய ஊருக்குள் தூணை நட முடியாது என்பதால் அந்த நடுப்பகுதி பூமிக்கு அடியில் போகிறது. பிறகு கோரிப்பாளையம். பக்கத்தில்தான் ராஜாஜி ஆஸ்பத்திரி, தென்மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியில் கைவிட்டாலும் கடைசியாக எழுதிக்கொடுக்கிற இடம். அப்புறம் மாட்டுத்தாவணி. அதைத் தாண்டினால் உயர் நீதிமன்றக் கிளை. 2004 முதல் விருதுநகர் மாவட்டத்து வழக்கெல்லாம் அங்கேதான் போகிறது.

நோயென்றால் அங்கே, வழக்கென்றால் அங்கே, கல்லூரிச் சேர்க்கை, கல்யாணப் பட்டு, மோட்டார் பம்ப் சாமான், எல்லாம் அங்கே. மதுரைக்குள் குடியிருப்பவர்கள் மட்டுமா அந்த ரயிலில் ஏறப் போகிறார்கள்? காலை நாலரை மணிக்கு நம்ம பஸ் ஸ்டாண்டில் வந்து பாருங்கள், யார் ஏறுகிறார்கள் என்று. வத்ராப், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், பேரையூர், உசிலம்பட்டி, அந்தப் பக்கம் மேலூர், திருப்பத்தூர். இந்த ஊர்க்காரர்கள் எல்லாம் விடிந்ததும் மதுரைக்குள் இறங்கி, பொழுது சாய்ந்ததும் வெளியே வருகிறோம். பகலெல்லாம் மதுரைத் தெருவில் நடக்கிறோம், மதுரைக் கடையில் காசைக் கொட்டுகிறோம், மதுரை நெரிசலில் நெளிகிறோம். எங்கள் தலையை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

எண்ணத் தெரியாதவர்களா அவர்கள்? கப்பலூர் சுங்கச்சாவடியில் எண்ணுகிறார்களே! ஒரு வண்டி தப்பாமல் எண்ணுகிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு விலக்குக் கொடு என்று திருமங்கலத்து மக்கள் வருடக்கணக்காக மறியல் செய்து பார்த்தார்கள், எண்ணிக்கை நின்றதா? பணம் வாங்கும் இடத்தில் எங்கள் தலை தெரிகிறது. ரயில் கேட்கிற இடத்தில் மட்டும் கண் அவிந்துபோகிறது.

சரி, அந்த 20 லட்சம் என்பது வேதவாக்காகவே இருக்கட்டும். ஆக்ராவுக்கு எப்படிக் கொடுத்தீர்கள்? அதே 2011 கணக்கில் ஆக்ரா மாநகராட்சியில் 16 லட்சத்தைத் தொடவில்லை. பாட்னாவில் 17 லட்சம் இல்லை. போபாலில் 18 லட்சத்துக்குக் கீழே. மூன்றுக்கும் ஒப்புதல் கொடுத்தது 2018இலும் 2019இலும், அதாவது கொள்கை வந்த பிறகு. ஆக்ராவில் 2024 மார்ச்சில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பாட்னாவில் இந்த அக்டோபரில், பீகார் தேர்தலுக்குச் சற்று முன்னால், கொடியசைத்தார்கள். ஓடட்டும், அந்த மக்கள் நன்றாகப் போய்வரட்டும். ஆக்ராவில் சாலையில் நசுங்குகிறவனும் என் சகோதரன்தான். ஆனால் அங்கே நீளுகிற அளவுகோல் வைகைக் கரைக்கு வந்ததும் ஏன் சுருங்குகிறது?

இதைக் கேட்டால் உள்ளூரில் ஒன்றியத்தை ஆளும் கட்சிக்காரர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். "நிராகரிக்கவில்லை, திருப்பித்தான் அனுப்பியிருக்கிறோம்!" அடடா! பெண் வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினால், மாப்பிள்ளை வீட்டில் பந்தல் போடுவார்களா? வாசலில் நின்று, "பொருத்தம் இல்லை என்று சொல்லவில்லையே, கவரில் போட்டுத்தானே கொடுத்தார்கள்" என்று சந்தோஷப்படுகிற மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்னொரு கோஷ்டி, "மெட்ரோ நஷ்டம், மெட்ரோ நஷ்டம்" என்கிறது. நம்ம வயலுக்குத் தண்ணீர் தருகிற பிளவக்கல் அணை எத்தனை சதவீதம் லாபம் காட்டுகிறது என்று அவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள்!

மூன்றாவது கோஷ்டிதான் படித்த கோஷ்டி. மதுரைக்குப் பஸ் போதும், பஸ்ஸுக்கென்று தனிப் பாதை போட்டுக்கொள் என்கிறார்கள். தனிப் பாதை எங்கே போடுவது? மாசி வீதியிலா, வெளி வீதியிலா? பெரியார் நிலையத்திலிருந்து சிம்மக்கல் வரை ஒரு தடவை நடந்துவிட்டு இந்த யோசனையைச் சொல்லட்டும். இதே யோசனையைத் தில்லியில் செய்து பார்த்தார்கள், அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரைக்கும். 2008இல் திறந்தார்கள், 2016இல் பெயர்த்துப் போட்டார்கள். அகமதாபாத்தில் பஸ் பாதை 2009 முதல் நன்றாக ஓடுகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஓடுகிறதே, போதும் என்று விட்டார்களா? 2019இல் அதே அகமதாபாத்துக்கு மெட்ரோவும் வந்தது. அவர்களுக்குப் பஸ்ஸும் ரயிலும். எங்களுக்குப் புத்திமதி!

உலகத்தில் பெரிய நகரங்கள் மட்டும்தான் மெட்ரோ வைத்திருக்கின்றனவா? சுவிட்சர்லாந்தில் லோசான் என்று ஓர் ஊர். ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை, நம்ம ராஜபாளையம் அளவு ஊர்தான். ஏரிக்கரையிலிருந்து மேடேறும் சரிவான ஊர். 2008 முதல் அங்கே மெட்ரோ ஓடுகிறது. பிரான்சில் ரென், இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர், 2002 முதல் ஓடுகிறது. அவர்கள் தலையை மட்டும் பார்த்து முடிவு செய்யவில்லை. எங்கிருந்து எங்கே ஆள் போகிறது, எந்த நேரத்தில், எந்தச் சாலை தாங்கவில்லை என்று பார்த்தார்கள். தொலைவில் போவானேன், கொச்சியைப் பாருங்கள். 2011இல் அந்த மாநகராட்சிக்குள் இருந்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர். சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்தால்தான் 20 லட்சம் தாண்டும். அங்கே 2017இல் ரயில் ஓடிவிட்டது. கொச்சியில் சுற்றியிருக்கிறவனும் மனிதன். மதுரையைச் சுற்றியிருக்கிற நாம் யார்?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தம்பி, தென்னை ஏறுகிறவர். போன வருடம் மழை ஈரத்தில் மட்டை வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வைத்தியம் நன்றாகத்தான் பார்த்தார்கள், அதில் குறையில்லை. நான் சொல்ல வந்தது அவர் மனைவியைப் பற்றி. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்தப் பெண் விடியற்காலையில் பிள்ளைகளுக்குச் சோறு வைத்துவிட்டு, பஸ் பிடித்து, திருமங்கலம் வரைக்கும் உட்கார்ந்து போய்விடும். அதற்குப் பிறகுதான் கொடுமை. பஸ் பசுமலையில் நிற்கும், பழங்காநத்தத்தில் நிற்கும், இறங்கி ஷேர் ஆட்டோ, அதிலிருந்து இறங்கி இன்னொரு ஆட்டோ. வார்டுக்குள் விடுகிற நேரத்துக்குப் போய்ச் சேராமல், சோற்று வாளியோடு வெளி வராண்டாவில் உட்கார்ந்திருந்த நாள் உண்டு. இங்கிருந்து திருமங்கலம் போக ஆன நேரத்துக்குக் கொஞ்சமும் குறையாமல், அந்த மீதித் தூரத்துக்கு ஆனது என்று சொல்லும்போது அந்தப் பெண் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தப் பெண்ணின் தலை 15 லட்சத்திலும் இல்லை, 20 லட்சத்திலும் இல்லை!

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள் என்று சுவரெல்லாம் எழுதினீர்கள். சிவப்பு முக்கோணம் இல்லாத சுவர் நம் ஊரில் இருந்ததா? எங்கள் தாய்மார்கள் வரிசையில் நின்று செய்துகொண்டார்கள். நாட்டுக்கு நல்லது என்றீர்கள், நம்பினார்கள். அதன் பலன் என்ன? 41ஆக இருந்த நம் நாடாளுமன்றத் தொகுதிகள் 1967லேயே 39 ஆயின. இப்போது தொகுதி மறுவரையறை என்று மறுபடியும் கத்தியைத் தீட்டுகிறார்கள், அங்கேயும் தலைக்கணக்கு. நிதிப் பங்கீட்டிலும் தலைக்கணக்கு. ரயிலுக்கும் தலைக்கணக்கு. சொன்ன சொல்லைக் கேட்டவனுக்குத் தண்டனை என்றால் அதற்குப் பெயர் ஆட்சியா? (பெருத்த கைதட்டல்)

மாநில அரசையும் நான் விட மாட்டேன். சென்னையில் கடற்கரை - சேப்பாக்கம் பறக்கும் ரயில் 1995இல் வந்தது. 2015இல் மெட்ரோ வந்தது. இரண்டாம் கட்டம் 118 கிலோமீட்டருக்கு மேல், 63,246 கோடி ரூபாய், இடித்தும் குடைந்தும் வேலை நடக்கிறது. அதற்கும் 2020 நவம்பரில் உள்துறை அமைச்சர் வந்து அடிக்கல் நாட்டினார், ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தர 2024 அக்டோபர் ஆனது. தில்லியின் இந்தக் குணம் தெரிந்தவர்கள், மதுரை அறிக்கையை ஓர் ஓட்டையும் இல்லாமல் அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்? பயணிகள் மதிப்பீட்டில் சந்தேகம், சாலை அகலத்தில் சந்தேகம் என்று தில்லி கேட்கிறதா? உடனே திருத்து, மறுபடி அனுப்பு. இதைக் கண்டித்து ஆர்ப்பாட்ட மேடை போட்ட வேகத்தில் பாதி வேகம் போதும். சுற்றி வருகிற எங்களையும் எண்ணி எழுதி அனுப்பு. எண்ணத் தெரிந்தவர்கள்தானே, ஓட்டுக் கேட்க வரும்போது வீட்டில் எத்தனை பேர் என்று கரெக்டாகச் சொல்கிறீர்களே!

பொறுமையாக இரு என்கிறார்கள். மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று 2010 கடைசியில் மூடினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023. பதினொரு வருடத்துக்கு மேல் தேனிக்காரன் பொறுமையாகத்தான் இருந்தான். எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்த ஒற்றைச் செங்கல் தேர்தல் பிரச்சாரத்தில் ஊர் ஊராகச் சுற்றியதை எல்லோரும் பார்த்தோம். அந்த மருத்துவ மாணவர்களை 2022இல் கொண்டுபோய் ராமநாதபுரத்தில் படிக்க வைத்தார்கள். மதுரை எய்ம்ஸ், வகுப்பு ராமநாதபுரத்தில்! பொறுமையில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கூமாப்பட்டிக்கு வாங்க என்று ஒரு தம்பி செல்போன் வீடியோவில் கூப்பிட்டதும் இந்த வருடம் தமிழ்நாடே இங்கே வந்து நின்றது. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி என்றால் மதுரையே தாணிப்பாறையில் கிடக்கிறது. ஒரு நாள் அவர்கள் நம்மிடம் வருகிறார்கள், மற்ற நாளெல்லாம் நாம் அவர்களிடம் போகிறோம். இந்தப் போக்குவரத்து எந்த மாநகராட்சி எல்லைக்குள் அடங்கும்?

நான் வெறுமனே கத்திவிட்டுப் போக வரவில்லை. அவர்கள் எண்ணாவிட்டால் நாம் எண்ணுவோம். வருகிற திங்கட்கிழமை தொடங்கி ஒரு வாரம், முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரைக்கும், நம்ம பஸ் ஸ்டாண்டில் இரண்டிரண்டு பேராக உட்காருகிறோம். மதுரை பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், எந்த வேலையாகப் போகிறார்கள், திருமங்கலத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆகிறது. இந்த மூன்று கேள்விதான். பேர் வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இதையே செய்யச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். எழுதிய தாளில் ஒரு நகல் தில்லிக்கு, ஒரு நகல் சென்னைக்கு.

பெயர் கொடுக்க விரும்பும் தம்பிகள், தங்கச்சிகள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடது பக்கம் மேசைக்கு வாருங்கள். காலை நாலரை மணி முறைக்கு ஆள் குறைகிறது. சீக்கிரம் எழுந்திருக்கிறவர்கள் முதலில் வாருங்கள்.